பரணில் ஏறிய கிரில் அடுப்பைக் கீழே இறக்குங்கள்

மொட்டைமாடியில் கோழி சுட்டுச் சாப்பிடும் ஆசையில் கையடக்கக் கரி கிரில் ஒன்றை வாங்கி, சில ஞாயிற்றுக்கிழமைகள் அதனோடு மல்லுக்கட்டிவிட்டு, பிறகு பரணில் தூக்கிப் போட்டுவிட்ட தம்பி தங்கைகளுக்கு,

உங்களில் யாரைக் கேட்டாலும் ஒரே குறையைத்தான் சொல்கிறீர்கள். "கரி பிடிக்கவே மாட்டேங்குது அண்ணே. பிடிச்சா மேல கருகுது, உள்ள வேக மாட்டேங்குது. பாதியிலேயே அணைஞ்சும் போயிடுது." சொன்ன கையோடு உங்களையே நொந்தும் கொள்கிறீர்கள். மசாலா சரியாக ஊறவில்லை, கரி ஈரம், நமக்கு இதெல்லாம் வராது என்று முடிவுகட்டி விடுகிறீர்கள். உங்கள் கைப்பக்குவத்தில் குறையே இல்லை. குறை அந்தப் பெட்டியின் அடிப்பாகத்தில் இருக்கிறது. அரை நாள் வேலையில், தெருமுனை வெல்டிங் பட்டறையின் உதவியோடு, அதைச் சரிசெய்துவிட முடியும். எப்படி என்று சொல்லத்தான் இந்த மடல். எதையெல்லாம் செய்யவே கூடாது என்பதையும் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த இடங்களில் கொஞ்சம் கண்டிப்பாகவே எழுதுவேன்.

பரணிலிருந்து அதை இறக்கி, வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். சூட்கேஸ் மாதிரி மடங்குவதாக இருக்கலாம், காலை நீட்டி நிற்பதாக இருக்கலாம். தகரத்தின் கனம் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. கரியைக் கொட்டுவது நேராக அடித்தகட்டின் மேல். காற்றுத் துளை என்று சில இருக்கும். ஆனால் அவை விளிம்புக்குப் பக்கத்தில், கரிக்கு மேலே இருக்கும். அழகுக்கு உதவும், அடுப்புக்கு உதவாது. சூடான காற்று மேலே போகும்போது அதன் இடத்துக்கு அடியிலிருந்து புதுக்காற்று ஏறிவர வேண்டும். அதற்கு அங்கே வழியே இல்லை. பற்றவைத்து இருபது நிமிடம் ஆனதும் சாம்பல் கங்குகளுக்கு அடியில் மெத்தையாகச் சேர்ந்துவிடும். இருந்த கொஞ்சநஞ்ச இடுக்கும் அடைபட்டுப் போகும். பிறகு அட்டையை எடுத்து எவ்வளவு விசிறினாலும் சாம்பல்தான் பறந்து கறியில் ஒட்டும்.

கரி எவ்வளவு காற்றைக் கேட்கிறது என்று ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் விளங்கும். 1 கிலோ கார்பன் முழுதாக எரிய 2.67 கிலோ ஆக்சிஜன் தேவை. காற்றின் எடையில் ஆக்சிஜன் 23 சதவீதம்தான். ஆகவே, 1 கிலோவுக்குப் பதினொன்றரைக் கிலோ காற்று வேண்டும். கன அளவில் ஏறக்குறைய 10 கன மீட்டர். 2 மீட்டர் நீளமும் 2 மீட்டர் அகலமும் இரண்டரை மீட்டர் உயரமும் உள்ள ஓர் அறையில் நிறைந்திருக்கும் காற்று அவ்வளவும். நீங்கள் போடுவது அரைக் கிலோ கரிதான் என்றாலும் அந்த அறையில் பாதி, கரித்துண்டுகளின் இடுக்கு வழியாகப் புகுந்து போயாக வேண்டும்.

இதை நம் பாட்டிமார் கணக்குப் போடாமலே அறிந்திருந்தார்கள். கேஸ் வருவதற்கு முன்பு வீட்டுக்கு வீடு இருந்த இரும்புக் குமுட்டி அடுப்பை உங்களில் பலர் பார்த்திருக்க மாட்டீர்கள். மேலே கரி போடும் கிண்ணம். அதன் அடியில் கம்பியோ துளைத்தட்டோ. அதற்குக் கீழே சாம்பல் விழ வெற்றிடம். அந்த வெற்றிடத்துக்கு முன்பக்கம் ஒரு வாய். பனையோலை விசிறியை அந்த வாய்க்கு நேரே வைத்துத்தான் வீசுவார்கள். கரிக்கு மேலே வீசமாட்டார்கள். ஒரு ஆழாக்குப் பால் காய்ச்சவும் அதே அடுப்பு, ராத்திரி முழுக்க வெந்நீர் சூடாக இருக்கவும் அதே அடுப்பு. இப்போது கடையில் பளபளப்பாக விற்கும் கிரிலில் இல்லாமல் போனது அந்தத் தட்டும், வெற்றிடமும், வாயும்தான். நாம் செய்யப்போவது அந்த மூன்றையும் திரும்ப உள்ளே கொண்டுவருவது.

வாங்கிய அடுப்பில் கைவைக்கலாமா என்று தயங்காதீர்கள். இன்று உலகம் முழுக்க விற்கும் உருண்டை வடிவ கிரிலே ஒரு பட்டறைத் தொழிலாளியின் திருத்தத்தில் பிறந்ததுதான். சிகாகோவில் வெபர் பிரதர்ஸ் மெட்டல் ஒர்க்ஸ் என்ற பட்டறையில் வேலைபார்த்த ஜார்ஜ் ஸ்டீபன், திறந்த அடுப்பில் காற்று படுத்திய பாட்டைப் பொறுக்க முடியாமல், பட்டறையில் செய்துகொண்டிருந்த மிதவைக் கோளத்தின் ஒரு பாதியை அடுப்பாகவும் மறுபாதியை மூடியாகவும் ஆக்கி, காற்றுக்குத் துளை வைத்தார். அது 1952. அந்த நிறுவனத்தின் சின்ன கிரிலான ஸ்மோக்கி ஜோவை வாங்கும் அமெரிக்கர்கள் பலர் இன்றும் அதை அப்படியே விடுவதில்லை. சோளமாவுப் பண்டம் அவிக்கும் உயரமான பானையின் அடியை வெட்டி, அதன்மேல் ஏற்றி, மணிக்கணக்கில் இறைச்சியைப் புகையில் வேகவைக்கும் கருவியாக மாற்றிக்கொள்கிறார்கள். நமக்கு அவ்வளவு பெரிய வேலை தேவையில்லை.

முதல் வேலை, கரித்தட்டு. வெல்டிங் பட்டறையில் 6 மில்லிமீட்டர் சாதா இரும்புக் கம்பியில், உங்கள் பெட்டியின் உள்ளளவைவிடக் கால் அங்குலம் குறைவாக ஒரு சட்டம் போடச் சொல்லுங்கள். குறுக்குக் கம்பிகளுக்கு நடுவே ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி வேண்டாம். பாதி எரிந்த கங்கு நழுவிவிடும். நான்கு மூலையிலும் 3 சென்டிமீட்டர் உயரத்துக்குக் கால். பெட்டிக்குள் வைத்தால் தட்டாமல் உட்கார வேண்டும், ஏனென்றால் சூட்டில் இரும்பு விரியும். அந்தக் கால் அங்குலம் அதற்காகத்தான். இந்த ஒரு மாற்றத்தைச் செய்து, வேறெதுவும் செய்யாமல் ஒருமுறை பற்றவைத்துப் பாருங்கள். அடுப்பு வேறு அடுப்பாகியிருப்பது அப்போதே தெரியும்.

அடுத்தது துளை. இதை வீட்டிலேயே செய்யலாம். இங்கே நிதானமாகப் படியுங்கள், அவசரப்பட்டுப் போட்ட துளையை அடைப்பது கஷ்டம். கரித்தட்டு உட்காரும் மட்டத்தை வெளிப்பக்கம் சாக்பீஸால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். துளைகள் எல்லாம் அந்தக் கோட்டுக்குக் கீழே வர வேண்டும். நீளமான இரு பக்கங்களிலும் 12 மில்லிமீட்டர் துளை, பக்கத்துக்கு ஐந்து. ஒரு துளையின் மையத்திலிருந்து அடுத்ததன் மையத்துக்கு 3 சென்டிமீட்டர். சென்டர் பஞ்சால் ஒரு தட்டுத் தட்டிப் புள்ளி வைக்காமல் டிரில்லை வைத்தால் பிட் வழுக்கி, பெயின்டைக் கிழித்துக்கொண்டு ஓடும். முதலில் 3 மில்லிமீட்டர் பிட்டால் வழி போட்டு, பிறகு பெரிதாக்குங்கள். மெல்லிய தகரம், பிட் மறுபக்கம் எட்டும் நேரத்தில் பிய்த்துக்கொண்டு சுற்றும். உட்பக்கம் ஒரு மரக்கட்டையை அழுத்திப் பிடித்துக்கொண்டால் சுத்தமாக இறங்கும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். துணிக் கையுறை வேண்டாம். சுற்றுகிற பிட் அதைச் சுருட்டி விரலையும் இழுத்துக்கொள்ளும். கடைசியில் துளையின் பிசிரை உருட்டு அரத்தால் தேய்த்துவிடுங்கள்.

காற்றைத் திறந்தே விட்டால் மட்டும் போதாது, அடக்கவும் தெரிய வேண்டும். சென்னையில் மாலைக் கடற்காற்று மொட்டைமாடியில் எப்படி அடிக்கும் என்று உங்களுக்குத் தெரியும்; அந்தக் காற்று பத்துத் துளை வழியாகவும் புகுந்தால் கரி பத்தே நிமிடத்தில் வெந்து சாம்பலாகிவிடும். அதற்கு ஒரு பட்டறை யுக்தி இருக்கிறது. துளை போடும் முன்பே, அதே நீளத்துக்கு ஒரு தகரப் பட்டையை வெளிப்பக்கம் ஒட்டவைத்து, கிளாம்ப் போட்டு இறுக்கி, இரண்டையும் சேர்த்தே துளைத்துவிடுங்கள். துளைகள் அச்சாகப் பொருந்தும். பிறகு பட்டையின் இரு முனையிலும் ஒன்றரை சென்டிமீட்டர் நீளத்துக்குக் காடி வெட்டி, அதன் வழியே போல்ட் கொடுத்து, வாஷர் வைத்து இறுக்காமல் முடுக்குங்கள். பட்டையை ஒரு விரலால் தள்ளினால் துளைகள் மூடும், திரும்பத் தள்ளினால் திறக்கும். துளைகளை 3 சென்டிமீட்டர் தள்ளித் தள்ளிப் போடச் சொன்னது இதற்காகத்தான். நெருக்கிப் போட்டால் ஒன்றை மூடும்போது பக்கத்துத் துளை திறந்துகொள்ளும். அலுமினிய ரிவெட் அடிக்காதீர்கள். அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடும். அதற்கு வெகுமுன்பே தளர்ந்துவிடும். இரும்பு போல்ட்டும் நட்டும்தான் சரி.

கரித்தட்டை 3 சென்டிமீட்டர் உயர்த்தியதும் புதிதாக ஒரு சிக்கல் வரும். கங்கு சுடும் கம்பிக்குப் பக்கத்தில் வந்துவிடும். மேல் கருகி உள்ளே வேகாமல் போனதற்கு இந்த நெருக்கமும் ஒரு காரணம்தான், இப்போது இன்னும் கூடும். ஆகவே மேல்கம்பியையும் உயர்த்துங்கள். பெட்டியின் நான்கு மூலையிலும் நீளமான போல்ட்டை நிற்கவைத்து, நட்டை ஏற்றி இறக்கிக் கம்பியின் உயரத்தை மாற்றிக்கொள்ளும்படி செய்யலாம். கங்குக்கும் கம்பிக்கும் நடுவே 10 சென்டிமீட்டர் இருந்தால் கோழிக்கும் மீனுக்கும் நல்லது. கம்பி இருக்கும் உயரத்தில் உள்ளங்கையைக் காட்டிப் பாருங்கள். மூன்று எண்ணுவதற்குள் கையை இழுக்க வைத்தால் அது இறாலுக்கும் பனீருக்கும் ஏற்ற சூடு. ஐந்து, ஆறுவரை தாங்கினால் எலும்போடு இருக்கும் கோழித்துண்டை வைக்கலாம். கரியை எப்போதும் ஒரு பக்கமாகக் குவித்து, மறுபக்கத்தைக் காலியாக விடுங்கள். கொழுப்புச் சொட்டித் தீ எழும்பினால் துண்டைக் காலிப் பக்கத்துக்கு நகர்த்த இடம் வேண்டும்.

மூடி இல்லாத கிரிலுக்குப் பாத்திரக் கடையில் விடை இருக்கிறது. எவர்சில்வர் அன்னக்கூடை ஒன்றைக் கவிழ்த்தால் அருமையான மூடி. உச்சியில் ஒரு துளை போட்டு மரக் குமிழ் பொருத்துங்கள். பக்கத்திலேயே 12 மில்லிமீட்டரில் நான்கு துளை போடுங்கள். மூடி போட்டுச் சுடும்போது இந்த மேல்துளைகள் எப்போதும் திறந்தே இருக்கட்டும். சூட்டைக் கூட்டுவதும் குறைப்பதும் கீழ்ப்பட்டையின் வேலை. மேலேயும் அடைத்தால் புகை உள்ளே தேங்கிக் கறி கசக்கும். மூடி இருந்தால் முழுக்காலும் உள்வரை வேகும். கோழியின் உட்பாகம் 74 டிகிரியைத் தொட வேண்டும் என்பது கணக்கு. சமையல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிவைத்துக்கொள்வது வீண்செலவில்லை.

இவ்வளவும் செய்தபின், ஆர்வம் உள்ளவர்கள் இன்னும் ஒரு படி போகலாம். எனக்கு மிகவும் பிடித்த திருத்தம் இது: மண்பூச்சு. மெல்லிய தகரம் சூட்டைப் பிடித்துவைக்காது. பாதியை வெளியே கக்கிவிடும். ஜப்பானில் நோட்டோ தீபகற்பத்துச் சுசூ பகுதியில், வெட்டியெடுத்த லேசான படிமண் கட்டியைக் குடைந்து ஷிச்சிரின் என்ற சிறு கரியடுப்பு செய்கிறார்கள். உள்ளே கரி செக்கச்சிவந்து கிடந்தாலும் வெளிச்சுவர் அவ்வளவாகச் சுடுவதில்லை. கென்யாவில் கதை இன்னும் நமக்கு நெருக்கம். அங்கே இருந்த தகர ஜிகோ அடுப்பை ரயில் பாதை போடப் போன இந்தியத் தொழிலாளர்கள் கொண்டுபோனதாகச் சொல்வார்கள். 1980களில் அதே அடுப்புக்குள் சுட்ட மண் கிண்ணம் பதித்து, இடையில் குறுகிய வடிவத்தில் புது ஜிகோவை உருவாக்கினார்கள். தாய்லாந்தின் வாளி அடுப்பு அதற்கு முன்மாதிரி. கரிச்செலவு 30 முதல் 50 சதவீதம் வரை குறைவதாகச் சொல்லப்பட்டு, அது ஆப்பிரிக்காவின் பல நாடுகளுக்குப் போனது.

நம் வீட்டில் இதைச் செய்ய, குயவரிடம் கிடைக்கும் களிமண்ணில் சலித்த மணலும் உமிச்சாம்பலும் சேர்த்துப் பிசைந்து, கரித்தட்டுக்கு மேலுள்ள பக்கச் சுவர்களில் ஒன்றரை சென்டிமீட்டர் கனத்துக்கு அப்புங்கள். தகரத்தில் மண் நிற்காது; உட்பக்கம் சில போல்ட் தலைகளை நீட்டிவைத்து, இரும்புக் கம்பியைக் குறுக்கே கட்டினால் பிடித்துக்கொள்ளும். நிழலில் ஒரு வாரம் காயட்டும். வெடிப்பு விட்ட இடத்தில் மறுபடி மண்ணைக் குழைத்துப் பூசுங்கள். முதல் தீ, கைப்பிடிக் கரியில் சின்னதாக இருக்கட்டும். இதற்குப் பின் உங்கள் கிரில் மடங்காது, கனமும் கூடும். காரில் வைத்து ஊருக்கு எடுத்துப்போகிறவர்கள் இந்தப் பூச்சை விட்டுவிடலாம். சிமென்ட் மட்டும் பூசாதீர்கள். அதற்குள் இருக்கும் ஈரம் ஆவியாகி, துண்டு துண்டாகத் தெறிக்கும்.

இனி, செய்யக்கூடாதவை. கம்பி துருப்பிடித்துவிட்டது என்று ஹார்டுவேர் கடையில் ஜிஐ வலையை வாங்கி வெட்டிப் போடுகிறவர்களைப் பார்க்கிறேன். தயவுசெய்து வேண்டாம். அதன்மேல் பூசியிருப்பது துத்தநாகம். 419 டிகிரியில் உருகும், 907 டிகிரியில் கொதித்து ஆவியாகும். நன்றாக விசிறிய கங்கு அந்தச் சூட்டை எட்டக்கூடியது. அந்தப் புகையை மூச்சில் இழுத்தால் சில மணி நேரத்தில் குளிரும் காய்ச்சலும் உடம்புவலியும் வரும். வெல்டிங் வேலை செய்கிறவர்களைக் கேளுங்கள், அனுபவித்துச் சொல்வார்கள். சூடு அவ்வளவு ஏறாவிட்டாலும், எலுமிச்சையும் தயிரும் ஊறிய கறி அந்தப் பூச்சைக் கரைத்துக்கொள்ளும். 304 ரக எவர்சில்வர் கம்பி போடுங்கள், இல்லையென்றால் சாதா இரும்புக் கம்பிக்கு எண்ணெய் தடவிச் சூட்டில் பழக்கிக்கொள்ளுங்கள். அதேபோல், மாடியில் கிடக்கும் உடைந்த ஆஸ்பெஸ்டாஸ் ஓட்டை வெட்டி அடுப்புக்கு அடியிலோ பக்கத்திலோ தடுப்பாக வைக்கும் யோசனை யாருக்காவது இருந்தால், இன்றே கைவிட்டுவிடுங்கள். அதை வெட்டும்போது பறக்கும் தூசி நுரையீரலில் தங்கி, பல வருடம் கழித்து உயிரைக் கேட்கும்.

இதைவிடப் பெரியது ஒன்று. எந்த அடுப்பானாலும், எவ்வளவு திருத்தினாலும், கரியடுப்பை வீட்டுக்குள் கொண்டுபோகாதீர்கள். மழை வந்துவிட்டது, பால்கனிக் கதவை மூடிக்கொண்டு முடித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். காற்றுக் குறைந்து கனன்றுகொண்டிருக்கும் கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு நிறம் கிடையாது, மணம் கிடையாது. ரத்தத்தில் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். தலை வலிக்கும், தூக்கம் வரும், எழுந்திருக்க முடியாது. மலைப்பிரதேசத்துக்குச் சுற்றுலா போன இடத்தில், குளிருக்குக் கதகதப்பாக இருக்குமே என்று கரியடுப்பை அறைக்குள் இழுத்துவைத்துத் தூங்கி, காலையில் கண்விழிக்காதவர்களைப் பற்றிய செய்திகளை நீங்களும் படித்திருப்பீர்கள். சிவந்த தணல் அடங்கி, சாம்பல் பூத்தபிறகும் அந்த வாயு வந்துகொண்டுதான் இருக்கும். இந்த மடலில் மற்றதெல்லாம் மறந்தாலும் இந்தப் பத்தியை மறக்காதீர்கள் என்று உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

கரியைப் பற்றிச் சுருக்கமாக. ராமநாதபுரம், விருதுநகர்ப் பக்கம் மூட்டம் போட்டு எடுக்கும் சீமைக்கருவேலங்கரி கெட்டியானது, நின்று எரியும். சிரட்டைக் கரி சூடு அதிகம் தரும். ஆனால் ஓடு ஓடாக ஒன்றன்மேல் ஒன்று படிந்து காற்றை அடைக்கும். இரண்டையும் கலந்து போடுவது நல்லது. மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள், அந்த வாடை கடைசித் துண்டுவரை விடாது. பாத்திரக் கடையில் துளையிட்ட எவர்சில்வர் ஸ்பூன் ஸ்டாண்டு உயரமாகக் கிடைக்கும். அதில் கரியை நிரப்பி, சமையல் எண்ணெயில் நனைத்த காகிதமோ தேங்காய் நாரோ அடியில் வைத்துக் கொளுத்தினால், குழாய்போல் காற்று மேலே இழுக்கப்பட்டு, கால்மணி நேரத்தில் மேல்துண்டுவரை கங்காகிவிடும். இடுக்கியால் பிடித்துத் தட்டில் கவிழ்க்க வேண்டியதுதான்.

அடுப்பை மாடித் தரையில் நேராக வைக்க வேண்டாம். தட்டோடு சூட்டில் விரிசல் விடும், வெப்பம் தடுக்கப் பூசிய பெயின்ட் உரியும். இரண்டு வரிசைச் செங்கல் அடுக்கி அதன்மேல் வையுங்கள். துணிக்கொடி, பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி, கேபிள் ஒயர் எதுவும் பக்கத்தில் இருக்கக்கூடாது. ஒரு வாளித் தண்ணீரோ மணலோ கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். முடிந்ததும் சாம்பலை வாரி அபார்ட்மென்ட் குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். மேலே வெள்ளையாக இருந்தாலும் உள்ளே கங்கு மறுநாள்வரை உயிரோடு இருக்கும். மூடியுள்ள தகர டின்னில் போட்டு, ஒரு நாள் கழித்துக் கொட்டுங்கள்.

திருத்திய அடுப்பில் முதல் தடவை உணவு வைக்க வேண்டாம். பெயின்டும் வெல்டிங் கசடும் எரிந்து போக, வெறும் கரியை நிரப்பி, பட்டையை முழுக்கத் திறந்து ஒரு மணி நேரம் எரியவிடுங்கள். அந்த ஒரு மணி நேரமும் புகைக்கு எதிர்த்திசையில் நில்லுங்கள். பட்டையை மெல்ல மூடி, கங்கின் நிறம் எவ்வளவு நேரத்தில் மங்குகிறது, திறந்தால் எவ்வளவு நேரத்தில் சிவக்கிறது என்று பார்த்துவைத்துக்கொண்டால், அடுத்த வாரம் கோழியை ஏற்றும்போது கை தடுமாறாது.

ஒரு வேண்டுகோள். அரைக் கிலோ கரி போட்டு, திருத்துவதற்கு முன் எவ்வளவு நேரம் சூடு நின்றது, பின் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று குறித்து எனக்கு எழுதுங்கள். மண்பூச்சு போட்டவர்கள் மண்ணும் மணலும் சாம்பலும் என்ன பங்கில் கலந்தீர்கள், எங்கே வெடித்தது, எங்கே நின்றது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். நம் ஊர்க் களிமண் இடத்துக்கு இடம் மாறுவதால், ஒருவர் கலவை இன்னொருவருக்கு அப்படியே பொருந்தாது. வந்த கடிதங்களை ஊர்வாரியாகத் தொகுத்து, அடுத்து கிரில் வாங்கப்போகிறவர்களுக்கு நானே அனுப்பிவைக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்